கோடாஸ் கேள்வித்தாள்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

மருந்தின் தரத்தை அளக்க எங்கள் துறையில் ஆயிரம் வழி உண்டு. அந்த மருந்தை ஃபைல் செய்யலாமா (அதாவது அரசிடம் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாமா), கைவிடலாமா என்று எடுத்த முடிவின் தரத்தை எதை வைத்து அளப்பது? அதற்கென்றே டொனெலன், வாக்கர், சாலெக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் உருவாக்கிய கேள்வித்தாள்தான் கோடாஸ் (QoDoS). மொத்தம் 47 வாசகங்கள், ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' முதல் 'எப்போதும்' வரை ஐந்து படிகள். ஒரு பகுதி உங்கள் நிறுவனத்தைப் பற்றிக் கேட்கும், இன்னொன்று உங்களைப் பற்றி. மருந்துக் கம்பெனி, அரசுக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டுக்கும் ஒரே தாள்தான்.

எங்கள் கம்பெனியில் மருந்து அனுமதி வேலைகளைப் பார்க்கும் ரெகுலேட்டரி பிரிவில் சில வருடங்களாக இதை நிரப்பி வருகிறோம். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. தன்னைப் பற்றிய பகுதியில் எல்லோரும் தாராளம்: மாற்று வழிகளை அலசுகிறேன், வெறும் உள்ளுணர்வை நம்புவதில்லை. நிறுவனம் என்று வந்ததும் அதே ஆட்கள் கறார். தனித்தனியே இத்தனை நிதானஸ்தர்கள் இருக்கும் இடத்தில், சொதப்பலான முடிவுகளை யார்தான் எடுக்கிறார்கள்?

இதிலிருந்து எனக்கு அதிகம் பயன்பட்டது, முடிவின் காரணத்தைப் பதிவு செய்யும் பழக்கம். எங்கள் மாத்திரை ஒன்றில் மூன்று பேட்ச்களுக்கு ஸ்டெபிலிட்டி (நாளாக ஆக மருந்து கெடாமல் இருக்கிறதா என்ற சோதனை) பார்த்தோம். 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஒரு பேட்சில் மட்டும் மாசுப்பொருள் ஏறிக்கொண்டே போனது. வரம்புக்குள்தான், ஆனாலும் ஏறுமுகம். ஈரம் புகாத ஆலு-ஆலு பேக்கிங்குக்கு (இரு பக்கமும் அலுமினியத் தகடு) மாறலாமா, காலாவதிக் காலத்தைக் குறைக்கலாமா என்று கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினார்கள். கூட்டக் குறிப்பான மினிட்ஸில் இருந்தது ஒரே வரி: 'விவாதிக்கப்பட்டது, ஃபைல் செய்யலாம்.' பிற்பாடு அதைப் பற்றி வெளிநாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து கேள்வி வந்தபோது, பேக்கிங் மாற்றம் ஏன் வேண்டாம் என்றானது என்பதைச் சொல்ல ஆள் இல்லை. பேசியவர்களில் பாதிப் பேர் கம்பெனி மாறிவிட்டார்கள். இப்போது நிராகரித்த வழிகளுக்கும் அதன் காரணத்துக்கும் மினிட்ஸில் தனிப் பத்தி உண்டு. இதெல்லாம் வெட்டி வேலை என்று முனகல் இன்னும் கேட்கிறது.

பதிவு இருந்தால் போதுமா என்றால், போதாது. மருந்துகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பைப் பற்றி 2012 மே மாதம் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த 59-வது அறிக்கையைப் படித்தால் புரியும். 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை 33 புதிய மருந்துகளுக்கு இந்திய நோயாளிகளிடம் சோதிக்காமலே அனுமதி கொடுத்திருந்தார்கள். சில மருந்துகளுக்கு வெவ்வேறு ஊர் நிபுணர்கள் தந்த பரிந்துரைக் கடிதங்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தன. ஃபைலில் காகிதமெல்லாம் சரியாக இருந்திருக்கும். கோடாஸில் வெளி அழுத்தம், சார்பு பற்றிய வாசகங்களும் உண்டு. ஆனால் அதை நிரப்புவது அதே ஆட்கள்தான் என்பதால், கூட்டாகச் செய்யும் தில்லுமுல்லு இதில் சிக்காது.

இன்னொரு குறை: பெயர் போடாமல் நிரப்புவது பெரிய டீமுக்குத்தான் சரிப்படும். ஆறேழு பேர் மட்டும் என்றால் யார் எதை எழுதியது என்று மேனேஜருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் எல்லாமே மேனேஜருக்குப் பிடித்த பதிலாகிவிடும். முன்பே நிறுத்தியிருக்க வேண்டிய ப்ராஜெக்ட்டை இழுத்துக்கொண்டு போகிறோமா என்ற வாசகத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். மேனேஜர் அறையில் இல்லாத வருடம் வந்த பதிலே வேறு.

சின்ன டீமாக இருந்தால் தாளை நிரப்பச் சொல்லாதீர்கள். கடைசியாக எடுத்த ஒரு பெரிய முடிவின் ஃபைலை மேசையில் விரித்து, அந்த 47 வாசகங்களை அதன் மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரு மதியம் போதும்.