புதுப்பேட்டையில் வாங்கிய ஏப்ரான்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

என்னுடையது 2013ஆம் வருட பெட்ரோல் ஸ்விஃப்ட். 2022 ஜூனில் தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் அடிக்க, என் வண்டியின் இடது முனை போய் மோதிவிட்டது. பம்பரும் லைட்டும் போனது பெரிய விஷயமில்லை. உள்ளே இடது ஏப்ரான் (முன் சக்கரத்துக்கு மேலே, எஞ்சின் அறையின் பக்கச் சுவராக இருக்கும் இரும்புத் தகடு) மடங்கி, ஷோ பேனலும் (முன்னால் லைட்டையும் ரேடியேட்டரையும் தாங்கும் சட்டம்) வளைந்திருந்தது. ஐந்து வருடம் தாண்டி, பத்து வருடத்தைத் தாண்டாத வண்டி என்றால் இரும்புப் பாகங்களுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் இன்ஷூரன்ஸ் வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன்.

முதல் தடவை தப்பு செய்தேன். "ஸ்விஃப்ட்டும் டிசையரும் முன்பக்கம் ஒண்ணுதான் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். டிசையர் 2012 என்றதும் நானும் நம்பி அதன் ஏப்ரானை வாங்கிவிட்டேன்.

அவர் சொன்னது பாதி உண்மை. ஸ்விஃப்ட் புது பாடிக்கு மாறியது 2011 ஆகஸ்டில். டிசையர் மாறியதோ 2012 பிப்ரவரியில். நடுவில் அந்தச் சில மாதங்கள் ஒரே ஷோரூமில் புது ஸ்விஃப்ட்டும் பழைய டிசையரும் விற்றார்கள். பழைய பாடியின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்) 2390 மி.மீ., புதியது 2430. எனக்குக் கிடைத்தது பழைய பாடியிலிருந்து வெட்டியது. ஆர்.சி.யில் பதிவான வருடம் மட்டும் 2012. தயாரிப்பு மாதத்தை நான் கேட்கவே இல்லை.

சென்னை பாடி பகுதியில் தகடு வேலை செய்யும் டிங்கர் அண்ணன் அதை வண்டியில் வைத்துப் பார்த்தார். ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே வரும் வெளித்தகடு) போல்ட்டின் பின் ஓட்டை சேர்ந்தால் முன் ஓட்டை ஒரு விரற்கடை தள்ளி நின்றது. "இழுத்துப் பிடிச்சு வெல்டு வச்சிடலாம் சார். ஆனா வீல் நேரா நிக்காது" என்று கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் அவரே ஒரு வழி செய்தார். நல்ல நிலையில் இருந்த வலது ஏப்ரானின் மேல் விளிம்பில் ஒரு காலண்டர் அட்டையை அழுத்தி, போல்ட் ஓட்டைகள் வரும் இடத்தில் பேனாவால் குத்தினார். அட்டையைத் திருப்பினால் இடது பக்கம். அந்த அட்டை, டேப், ஒரு காந்தம் மூன்றோடும் மறுபடி போனேன். நாலாவது கடையில் இருந்த ஏப்ரானில் எல்லா ஓட்டையும் பொருந்தியது. அது வெட்டப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகலில் தயாரிப்பு மாதத்தையும் பார்த்தேன். காந்தம் எங்கேயும் நழுவவில்லை, அதாவது பட்டி பூசி மறைத்த அடி எதுவும் இல்லை. தண்ணீர் வடியும் துளை வழியாகப் போன் டார்ச் அடித்து உள்ளே வண்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2015 வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் பாகங்கள் வெளியே பளபளப்பாகவும் உள்ளே துருப்பிடித்தும் இருக்கலாம். சேசிஸ் நம்பர் அடித்த துண்டு எதுவும் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. பில் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள்.

வெட்டும் இடமும் முக்கியம். தேவைக்கு மேல் நீளமாக வெட்டித் தரச் சொன்னேன். கம்பெனி ஸ்பாட் வெல்டுகளை டிரில் போட்டுப் பிரித்து, அதே இடங்களில் சிஓடூ வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு மின்சாரத்தில் செய்வது) வைத்தார் அண்ணன். கேஸ் வெல்டிங் வேண்டவே வேண்டாம். அதன் சூடு பரவி இரும்பின் பலத்தைக் குறைத்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றியாக வேண்டும். கடைசி வெல்டு வைப்பதற்கு முன் பானெட்டையும் ஃபெண்டரையும் மாட்டி, எஞ்சின் அறையின் மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டோம்.

இதுவரை 38,000 கி.மீ. ஓட்டிவிட்டேன். டயர் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்கிறது, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கவில்லை, பானெட் இடைவெளியும் மாறவில்லை. ஒரே குறை, இணைப்பின் அடிப்பக்கத்தில் சீலர் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) சரியாகப் போடாமல் விட்டது. முதல் மழைக்காலம் முடிந்ததும் அங்கே ரூபாய் நாணய அளவுக்குத் துரு தெரிந்தது. சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடித்து, சீலர் போட்டோம். அதற்கப்புறம் வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு டிசம்பர் முடிவிலும் குனிந்து பார்த்துவிடுகிறேன்.

பி பில்லரும் (முன், பின் கதவுகளுக்கு நடுவில் நிற்கும் தூண்) முன் சேசிஸ் லெக்கும் (எஞ்சினின் இரு பக்கமும் முன்னால் நீளும் இரும்புச் சட்டம்) இப்படிப் பழையதில் வாங்க மாட்டேன். மோதலை முதலில் தாங்கி உள்ளே இருப்பவர்களைக் காப்பது அவைதான், அடிபட்ட வண்டியிலிருந்து வந்திருந்தால் வெளியே எதுவும் தெரியாது. அவை இரண்டும் கம்பெனிப் பாகமாகவே வரட்டும், மாதக்கணக்கில் காத்திருந்தாலும் சரி.