கூகர் டவுன்: பெயரைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம்

கூகர் என்பது அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெரிய காட்டுப்பூனை. வயதில் சின்னவன் பின்னால் போகும் நடுவயதுப் பெண்ணையும் அங்கே கிண்டலாக அப்படிச் சொல்வார்கள். இதைப் பெயரிலேயே வைத்து 2009-ல் ஏபிசி சேனலில் ஒரு சிட்காம் வந்தது என்றால் என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது, வருஷக்கணக்கில் தொடவே இல்லை. போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறு வழியில்லாமல் போட்டேன். ஆறு சீசன், 102 எபிசோடு, எல்லாவற்றையும் முடித்துவிட்டேன்.

ஃப்ளோரிடாவில் வீடு விற்றுக் கொடுக்கும் புரோக்கர் ஜூல்ஸ். வயது நாற்பது, விவாகரத்து ஆனவள், பள்ளி முடிக்கப் போகிற ஒரு மகன். நடிப்பது 'ஃப்ரெண்ட்ஸ்' மோனிகா, அதாவது கோர்ட்னி காக்ஸ். முதல் காட்சியில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று வயிற்று மடிப்பைப் பிடித்துப் பார்க்கிறாள், முழங்கையில் தொங்கும் தோலை இழுத்துப் பார்க்கிறாள். அவ்வளவு பெரிய நட்சத்திரம் மேக்கப் பின்னால் ஒளியாமல் இதைச் செய்வதைப் பார்த்ததும் சரி, இன்னொரு எபிசோடு பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்வீட்டு கிரேசனும் புதிதாக விவாகரத்து ஆனவன்தான். அவன் தினம் ஒரு இளம்பெண்ணைக் கூட்டி வந்தால் தெருவில் யாரும் கண்டுகொள்வதில்லை, இவள் ஜாஷ் என்ற பையனோடு சுற்றினால் மட்டும் ஊருக்கே வேடிக்கை. இது நியாயமா என்று ஜூல்ஸ் கத்தும் இடங்கள்தான் ஆரம்ப எபிசோடுகளில் உருப்படியானவை. மற்றபடி படுக்கையறை ஜோக்குகள் மேல் ஜோக்குகளாக வந்து அலுப்புத் தட்டும்.

எழுதியவர்களுக்கும் அலுத்திருக்கும் போல. முதல் சீசன் பாதியிலேயே இளைஞன் வேட்டை காணாமல் போகிறது. அப்புறம் நண்பர்கள் பட்டாளம் ஒன்று ஒரே சமையலறையில் உட்கார்ந்து ஒயின் குடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் வாருவதுதான் மொத்தக் கதையும். தலைப்பு மட்டும் மாறவில்லை, அதனால் இரண்டாம் சீசனிலிருந்து டைட்டில் கார்டிலேயே தங்கள் தலைப்பைத் தாங்களே நக்கல் அடிக்கிறார்கள். ஜூல்ஸ் குடிக்கும் ராட்சத ஒயின் கிளாஸுக்குப் 'பிக் ஜோ' என்று பெயர், அது உடைந்தபோது அதற்கு இறுதிச்சடங்கே நடக்கிறது! காலி பெயிண்ட் டப்பாவுக்குள் காசை எறிந்து விழுந்தால் எல்லோரும் சேர்ந்து பாட்டாகக் கத்தும் ஒரு விளையாட்டு வேறு. வேலைவெட்டி இல்லாத கும்பல், ஆனால் விட்டு எழ மனம் வராது.

எனக்குப் பிடித்தது முன்னாள் கணவன் பாபி. கோல்ஃப் ஆடிச் சம்பாதிக்கப் பார்த்துத் தோற்றவன், வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும் ஒரு படகில் குடியிருக்கிறான், தண்ணீரில் அல்ல. விவாகரத்து ஆன இரண்டு பேர் தினம் அதே மேசையில் உட்கார்ந்து சண்டையில்லாமல் சிரிப்பதை இவ்வளவு இயல்பாகக் காட்டிய சீரியல் எனக்குத் தெரிந்து குறைவு.

மூன்று சீசனுக்குப் பிறகு டிபிஎஸ் சேனலுக்கு மாறி 2015 வரை ஓடியது. கடைசி சீசன்களில் கொஞ்சம் நொண்டுகிறது, இருபது நிமிஷத்தில் பத்து நிமிஷம் ஒயின் பற்றியே பேசினால் எவ்வளவு நேரம்தான் சிரிப்பது? ஆனால் அங்கேதான் ஒரு வேடிக்கை. ஜூல்ஸிடம் உதவியாளராக இருந்த லாரி என்ற பெண் மேல் அவள் மகன் டிராவிஸுக்குக் காதல் வருகிறது, லாரி அவனைவிட வயதில் மூத்தவள். ஒரு காலத்தில் ஊர் சிரிக்கச் சின்னப் பையனோடு சுற்றிய அதே ஜூல்ஸுக்கு இதைச் சட்டென்று ஜீரணிக்க முடியவில்லை, தன் வீட்டுப் பையன் ஆயிற்றே!