கழற்றுவதா, ஹாஃப்கட்டா, புதுசா? பழைய காடிக்காரர்களுக்கு ஓர் அலசல்

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் (பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் பலருக்கு இன்னும் புரியும்) தோட்டத்துச் சாலைகளில் பாருங்கள், கஞ்சில், வீரா, கெலிசா என்ற நம் மலேசியக் காடிகள் (கார்கள்) எல்லாம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கஞ்சில் 1994-இல் வந்து 2009-இல் நின்றுவிட்டது, வீராவும் 2009-ஓடு சரி. ஆக இந்தக் காடி வைத்திருக்கும் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: உடைந்த சாமானை எங்கே எடுப்பது? போத்தோங் கடைக்கு (பழைய காடிகளை உடைத்துச் சாமான் விற்கும் இடம்) போய் நாமே கழற்றலாம், கிள்ளான் பக்கம் ஹாஃப்கட் (ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் காடி) கடையில் வாங்கலாம், ஆன்லைனில் ஷோப்பியில் தட்டலாம், இல்லை டவுன் ஸ்பேர் பார்ட் கடையில் புதுசே வாங்கலாம். விலையை மட்டும் வைத்து முடிவு பண்ணுகிறவர்கள்தான் கடைசியில் அதிகம் செலவு செய்கிறார்கள் என்பது என் கணிப்பு. எந்தக் கடை என்று முடிவு செய்வதற்கு முன்னால் எந்தச் சாமான் என்று பார்க்க வேண்டும்.

முதலில் நாமே கழற்றுவது. அமெரிக்காவில் இதற்கென்றே பெரிய யார்டுகள் உண்டு. நுழைவுக் கட்டணம் கட்டி, டூல்ஸ் பெட்டியோடு உள்ளே போய், வரிசையாக நிறுத்தி வைத்த காடிகளில் வேண்டியதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரும் வழியில் காசு கட்டலாம். நம் பக்கம் அந்த ஏற்பாடெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். தவுக்கேயிடம் (கடை முதலாளி) கேட்க வேண்டும், அவர் தலையாட்டினால் உண்டு, இல்லாவிட்டால் அவருடைய ஆள்தான் கழற்றுவார். அந்த ஆளுக்கு அவசரம், ஸ்பேனரைவிட சுத்தியலைத்தான் அதிகம் நம்புவார், கிளிப் உடைந்தால் அவருக்கென்ன!

நாமே கழற்றுவதில் காசு மிச்சமாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய லாபம், சாமான் எந்தக் காடியிலிருந்து வருகிறது என்று கண்ணால் பார்ப்பது. பின்னால் இடிபட்டு வந்த வீரா என்றால் முன்பக்கம் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், கடைசி நாள் வரை ஓடிக்கொண்டிருந்த காடி அது. எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கட்டியாகத் தயிர் மாதிரி வெள்ளை படிந்திருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கலாம், அந்த எஞ்சினிலிருந்து எதையும் தொட வேண்டாம். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் மண் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற காடி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் எத்தனை காடி மூழ்கியது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காடியில் கதவு, கண்ணாடி, பானெட் எடுக்கலாம். ஒயரிங், ஈசியு (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), பவர் விண்டோ மோட்டார் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, சின்னச் சாமான்கள். கதவு டிரிம்மின் கிளிப், பிராக்கெட், அந்த இடத்துக்கே உரிய போல்ட், இதெல்லாம் நாமே கழற்றினால்தான் முழுசாகக் கைக்கு வரும். 10, 12, 14, 17 மி.மீ. சாக்கெட் இருந்தாலே இந்தக் காடிகளில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும், கூடவே துரு பிடித்த போல்ட்டுக்கு ஒரு நீளமான கைப்பிடியும் தெளிக்கிற ஆயிலும். நீளக்கை சட்டையும் பூட்ஸும் கட்டாயம். செம்பனைக்கு ஒட்டின இடம், பானெட்டுக்குள் குளவி இருக்கும், தேங்கின தண்ணீரில் கொசு இருக்கும், பாம்பைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஹாஃப்கட் வேறு கதை. காப்பார், மேரு பக்கம் இந்தக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் காடியைக் குறுக்கே வெட்டி, எஞ்சின், கியர்பாக்ஸ், டேஷ்போர்ட், ஒயரிங்கோடு முன்பாதியை அனுப்புகிறார்கள். முழுக் காடியாகக் கொண்டுவர ஏபி (இறக்குமதி அனுமதி) வேண்டும், வெட்டி வந்தால் அது சாமான் கணக்கு. எந்தக் காடிக்கு எதன் ஹாஃப்கட் என்றால், வீராவுக்கு மிட்சுபிஷி லான்சர், கஞ்சிலுக்கு டைஹட்சு மீரா, பழைய மைவிக்கு டொயோட்டா பாஸோ. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏர்கோன் கம்ப்ரஸர், கியர்பாக்ஸ் இதற்கெல்லாம் நான் ஹாஃப்கட் பக்கம்தான். ஒத்து வராவிட்டால் மாற்றித் தருகிற கடை உண்டு, அதை எத்தனை நாளுக்குள் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். மாட்டிய அன்றே சோதித்துவிட வேண்டும்: எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நல்லது, 12 சொச்சத்திலேயே நின்றால் அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.

ஆனால் கஞ்சில் 850 (850 சிசி எஞ்சின்) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் அந்தச் சின்னக் காடி வகைக்கு 660 சிசிதான் உச்சவரம்பு, அதனால் அங்கிருந்து வரும் மீரா எல்லாம் 660 எஞ்சினோடுதான் வரும். 850-க்கு எஞ்சின் சாமான் வேண்டுமென்றால் உள்ளூர் போத்தோங் கடைதான் கதி. முழு எஞ்சினே மாற்றுவதாக இருந்தால் கிராண்டில் (காடியின் பதிவுப் பத்திரம்) இருக்கும் எஞ்சின் நம்பரும் மாற வேண்டும், அதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, சோதனை எல்லாம் உண்டு. எஞ்சின் வாங்கின ரசீது இல்லாமல் அங்கே போய் நின்றால் திரும்பி வர வேண்டியதுதான். போமன் (மெக்கானிக்) "பார்த்துக்கலாம்ணே" என்று சொன்னால் நம்பாதீர்கள், கிராண்டில் இருப்பது உங்கள் பெயர்.

ஷோப்பி, ஃபேஸ்புக்கில் வாங்குவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டெயில் லேம்ப், கிரில், கதவுக் கைப்பிடி மாதிரி பார்த்தாலே நல்லதா கெட்டதா என்று தெரிகிற சாமானுக்குச் சரி. வீரா ஏரோபேக்கின் (ஹேட்ச்பேக் வகை) டெயில் லேம்ப்பும் செடானின் டெயில் லேம்ப்பும் வேறு வேறு, விற்கிறவருக்கே அது தெரியாமல் இருக்கும், பார்ட் நம்பர் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள்.

புதுசாகத்தான் வாங்க வேண்டும் என்று சில சாமான்கள் இருக்கின்றன, அதில் பேரமே கிடையாது. டைமிங் பெல்ட், பிரேக் பேட், பிரேக் ஹோஸ், பால் ஜாயிண்ட், புஷ், ரப்பர் என்று பெயர் வைத்த எதுவும். நம் வெயிலில் வருஷக்கணக்காக நின்ற காடியின் ரப்பர் பார்க்க நன்றாக இருக்கும், மடக்கினால் வெடிப்பு தெரியும். ஏர்பேக்கையும் சீட் பெல்ட்டையும் யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். இந்த வகையில் பழையதை மாட்டி மிச்சம் பிடிக்கிற காசு, இரண்டாவது முறை கட்டும் கூலிக்கே பற்றாது.

கடைசியாக ஒரு விஷயம், இது கழற்றப் போகிறவர்களுக்கு மட்டும். முதல் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னாலேயே விலையைப் பேசி முடித்துவிடுங்கள். வியர்த்து விறுவிறுத்துச் சாமானைத் தூக்கிக்கொண்டு போய் நின்று "எவ்வளவு தவுக்கே?" என்று கேட்டால், அவர் முதலில் சாமானைப் பார்ப்பார், அப்புறம் உங்கள் முகத்தைப் பார்ப்பார், முகத்துக்குத்தான் விலை சொல்வார்.