அம்மாவின் ரத்தமும் ஏற்காட்டு மலைப்பாதையும்

மூன்று வார விடுப்பில் மெல்போர்னிலிருந்து ஏற்காட்டுக்குப் போனேன். வாசலில் இருப்பது நான்கே படிகள். அவற்றை ஏற அம்மா இரண்டு முறை நின்றார். உதடு வெளுத்திருந்தது. "வயதாகிவிட்டது கண்ணு, வேறொன்றுமில்லை" என்றார்.

நான்கு மாதமாக ஒரு கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து வந்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 9-இலிருந்து 5.8-க்கு இறங்கியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன் நெஞ்செலும்பைப் பிளந்து, அதன் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வந்த தைமோமா என்ற கட்டியை எடுத்ததை அங்கே யாரும் கேட்கவில்லை. முடிந்துபோன கதைதானே என்று அம்மாவும் சொல்லவில்லை. நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

மறுநாளே இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்தில் ஒரு ரத்தநோய் மருத்துவரைப் பார்த்தோம். பழைய ஃபைலைப் புரட்டியவர் முதலில் எழுதியது ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. புதிதாகப் பிறக்கும் சிவப்பணுக்களை எண்ணும் எளிய பரிசோதனை அது. 0.2 சதவீதம்தான் இருந்தது. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சரியான அளவில் இருந்தன. எலும்பு மஜ்ஜையிலோ சிவப்பணுவாக வளர வேண்டிய செல்களையே காணோம். சிவப்பணு உற்பத்தியை நிறுத்தக்கூடிய பார்வோ வைரஸ் தொற்று இல்லை என்றும் உறுதி செய்துகொண்டார்.

தைமஸ், நோயை எதிர்க்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பாடம் படிக்கும் இடமாம். அங்கே கட்டி வந்தால் தப்பும் தவறுமாகப் படித்த செல்கள் உடம்பெங்கும் போய்விடுகின்றன. கட்டியை எடுத்தாலும் அவை மிஞ்சும். பல வருடம் கழித்துக்கூடச் சொந்த மஜ்ஜையையே தாக்கலாம். கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவும் குறைந்திருந்தது. அம்மாவுக்கு இரண்டு வருடமாக விடாமல் வந்த நெஞ்சுச் சளிக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. தைமோமாவோடு இந்தக் குறை சேர்ந்து வருவதை ராபர்ட் குட் என்ற மருத்துவர் 1954-இலேயே எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். ஈடாகக் கொடுக்கச் சித்தப்பா மகன்கள் இருவரும் அம்மாபேட்டையிலிருந்து ஓடிவந்தார்கள். பிறகு அந்தத் தாக்குதலை அடக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரை தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பம்பளிமாஸ் இனி ஆகாது. மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

மருந்தளவு பார்க்கும் ரத்தத்தை இரவு மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். அதற்காக அம்மாவை விடியலில் மலையிறக்க எனக்கு மனமில்லை. ஏற்காட்டு மாதிரி சேகரிப்பு நிலையத்தில் இருந்த தம்பியிடம் நிலைமையைச் சொன்னேன். ஒன்பது மணிக்குத் திறக்கிற கடையை ஏழு மணிக்கே திறந்தார். ரத்தத்தை எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து, தானே பஸ் ஏறிச் சேலத்தில் சேர்த்துவிட்டு வந்தார். கூடுதல் பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

நான் கிளம்பும் நாளில் ரெட்டிகுலோசைட் 1.1 என்று வந்தது. அம்மா அந்தத் தாளை மடித்து, தானே அறுவைசிகிச்சை ஃபைலுக்குள் வைத்தார்.