தெலுக் பாஹாங்கா, பத்து மாவுங்கா: குடியிருக்க எந்தக் கரை?

பினாங்குத் தீவில் மீன்படகுகள் அணையும் கரையோரமாக வீடு தேடினால், கண்ணில் படும் ஊர்களில் இரண்டு இவை. வடமேற்கு மூலையில் தெலுக் பாஹாங், தென்கிழக்கில் பத்து மாவுங். எங்கள் வீடு பத்து மாவுங்கில். சாய்வு அந்தப் பக்கம்தான்.

அழகில் தெலுக் பாஹாங்குக்கு ஈடில்லை. ஒருநாள் போய்வர அதுவே சரி: ஜார்ஜ் டவுனிலிருந்து 101 பஸ், இறங்கினால் தேசியப் பூங்கா. கெராச்சுட் கடற்கரைக்கு நடந்து போய்ப் படகில் திரும்பலாம். படகுக் கூலியையும் திரும்பும் நேரத்தையும் காட்டுக்குள் நுழையும் முன்பே பேசிவிடுங்கள். மாலையில் காற்று எழுந்தால் படகு வராமல் போகலாம்.

தொழிற்பேட்டை இருக்கும் பாயான் லெப்பாஸுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஊர் தூரம். பத்து பெரிங்கி வளைவுச் சாலை, இல்லையென்றால் பாலிக் பூலாவ் மலைச்சாலை, வேறு வழியில்லை. பத்து மாவுங்கிலோ அந்தத் தொழிற்பேட்டையும் விமான நிலையமும் பக்கம். 2014-இல் திறந்த இரண்டாம் பாலமும் அங்கேதான் கரையேறுகிறது.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பயணம் அல்ல, உப்பு. தெலுக் பாஹாங் திறந்த கடலைப் பார்த்த கரை. அலை உடையும்போது தெறிக்கும் உப்புத்துளி காற்றோடு வீட்டுக்குள் வரும். படிந்த உப்பு இரவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் மழையே இல்லாவிட்டாலும் இரும்பு துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். பத்து மாவுங் பெருநிலத்தைப் பார்த்த நீரிணைப் பக்கம். அலை சிறியது, தெறிப்பும் குறைவு. துரு இங்கேயும் உண்டு, வேகம்தான் வேறு. இது தரைவீட்டுக் கணக்கு, உயர்மாடிக்கு மாறலாம்.

முதலில் அடிவாங்குவது ஏர்கோனின் (ஏசி) வெளி யூனிட். அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிரும், பிறகு குழாய் அரித்து கேஸ் கசியும். வாங்கும்போதே பூச்சுப் பூசிய தகடு உள்ளதைக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டுச் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் ஜெட் வேண்டாம், தகடு மடங்கிவிடும். அதைச் சுவரில் பிடிக்கும் தாங்கிக்கும் திருகாணிக்கும் 304 ரக எவர்சில்வர் போதாது, பழுப்புக் கறை ஏறும், 316 ரகம் கேளுங்கள். ஜன்னல் இரும்புக் கிரிலில் துரு தெரிந்தால் மேலே சாயம் அடித்துப் பயனில்லை. பளபளக்கும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, துருத்தடுப்பு அடிப்பூச்சு ஒன்று, மேல்பூச்சு இரண்டு. கழுவாமல் அடித்தால் உள்ளிருக்கும் உப்பு சில மாதங்களிலேயே சாயத்தைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

எந்தக் கரையில் வீடு பார்த்தாலும், அண்டை வீட்டு ஏர்கோன் தாங்கியையும் கிரிலின் அடிமூலையையும் பாருங்கள். விற்கிற வீட்டுக்குப் புதுச்சாயம் அடித்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு அடித்திருக்க மாட்டார்கள்.