வினாத்தாள் மென்பொருளுக்குள் கொலாபோரா ஒன்லைன்: பாமினியோடு ஒரு மதிப்பீடு

சொந்த மென்பொருளுக்குள்ளேயே வேர்ட் பைல் திருத்தும் வசதி வேண்டும் என்றால் முதலில் கொலாபோரா ஒன்லைனைப் பாருங்கள், பிரவுசரிலேயே ஆவணங்களைத் திறந்து திருத்தவிடும் சேர்வர் மென்பொருள் அது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு நாங்கள் செய்துகொடுத்த வினாத்தாள் மென்பொருளில் இதுதான் ஓடுகிறது. முன்பெல்லாம் ஆசிரியர்கள் ஒரே தாளை ஆளாளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, எது கடைசிப் பிரதி என்று தெரியாமல் அச்சகத்தில் நின்று தேடுவார்கள். அந்தக் கரைச்சல் இப்போது இல்லை.

கூகுள் டொக்ஸ் என்றால் பைல் கூகுள் ட்ரைவில்தான் கிடக்கும், யார் திறக்கலாம் என்பதும் அங்கேதான் முடிவாகும். மைக்ரோசொப்டின் இணைய வேர்டை உங்கள் சொந்தச் சேமிப்போடு பொருத்த அவர்களின் பங்காளர் திட்டத்துக்குள் போகவேண்டும், இங்குள்ள சின்ன அணிகளுக்கு அது தூரம். மிச்சம் இரண்டு: கொலாபோரா, அதே வேலையைச் செய்யும் ஒன்லிஒபிஸ்.

கொலாபோரா செய்வது இதுதான்: லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளை சேர்வரில் ஓடவிட்டு, பக்கத்தைத் துண்டுதுண்டான படங்களாக பிரவுசருக்கு அனுப்புகிறது. நம் மென்பொருளோடு அது கதைப்பது வொப்பி என்ற, மைக்ரோசொப்ட் வகுத்த நெறிமுறையில். நாம் எழுதவேண்டியது கொஞ்சம்தான், பைலின் விபரத்தைச் சொல்ல ஒரு முகவரி, பைலைக் கொடுக்க ஒன்று, திருத்தியதை வாங்கி வைக்க இன்னொன்று, அப்புறம் திருத்தியை நம் பக்கத்துக்குள் காட்டும் ஒரு ஐபிரேமும், திறப்பவர் யார் என்று காட்டும் டோக்கனும். பைல் நம் சேமிப்பில் இருக்கிறது, திறக்கும்போது மட்டும் போய்த் திரும்பி வருகிறது.

பைலின் விபரத்தைச் சொல்லும் அந்தப் பதிலில்தான் எனக்கு மிகவும் பிடித்த விடயம் இருக்கிறது. ஒருவர் வாசிக்க மட்டுமா, எழுதவுமா என்று ஆளுக்கு ஆள் சொல்லலாம். பதிவிறக்கம், அச்சு, கொப்பி மூன்றையும் தனித்தனியே பூட்டலாம். பக்கத்தின் மேல் ஒரு நீர்க்குறியையும் போடலாம். தாளைத் திறந்த ஆசிரியரின் பெயரையே நாங்கள் நீர்க்குறியாகக் கொடுத்திருக்கிறோம். திரையைப் போனில் படம் எடுத்தாலும் பெயர் அதிலேயே நிற்கும். பரீட்சைக்கு முன் தாள் வெளியே போய்விடுமோ என்று பயப்படுகிற ஒரு நிறுவனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி பாமினி. இங்கே பழைய வினாத்தாள்களில் பெரும்பகுதி பாமினியில் அடித்தவை. அது யுனிகோட் (ஒவ்வொரு எழுத்துக்கும் உலகப் பொதுவான குறியீடு தரும் முறை) அல்ல, ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்த எழுத்துரு, ஆகவே சேர்வரில் பாமினி இல்லாவிட்டால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் தாள் நிற்கும். படம் வரைவது சேர்வர் என்பதால் ஆசிரியரின் லப்டொப்பில் எழுத்துரு இருந்து பயனில்லை, சேர்வரில்தான் நிறுவவேண்டும். லதா என்ற யுனிகோட் எழுத்துருவுக்கும் இதே கதை: அது விண்டோஸோடு வருவது, உரிமம் பார்க்காமல் லினக்ஸ் சேர்வரில் தூக்கிப் போட முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, ஆனால் எழுத்துகளின் அகலம் வேறு என்பதால் இரண்டு பக்கத் தாள் மூன்றாவது பக்கத்துக்கு வழியக்கூடும். அதனால் புதிய தாள்களுக்கெல்லாம் நோட்டோவையே அடிப்படையாக வைத்து ஒரு மாதிரித் தாள் செய்துகொடுப்பது நல்லது. பழையவற்றை யுனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்றவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன், ஏனென்றால் பாமினியில் கிடக்கும் கேள்வியை தமிழில் தேடி எடுக்கவே முடியாது, தேட முடியாத வினா வங்கியால் யாருக்கு என்ன லாபம்.

வேகம் என்று பார்த்தால், கொலாபோராவில் ஒவ்வொரு விசையும் சேர்வருக்குப் போய் படம் திரும்பி வரவேண்டும், ஆகவே சேர்வர் தூரத்தில் இருந்தாலோ தீவகப் பக்கம் மெலிந்த மொபைல் டேட்டாவில் இருந்தாலோ எழுத்து விழச் சற்றுச் சுணங்கும். ஒன்லிஒபிஸ் பிரவுசருக்குள்ளேயே திருத்துவதால் முதலில் ஏறும்போது பாரம், பிறகு கை வேகத்துக்கு வரும். வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்களே அதிகம் என்றால் அதை எடுப்பேன். ஆனால் அதன் இலவசப் பதிப்பில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான், சேமிப்பும் வேறு விதம்: கடைசி ஆள் மூடி ஏறத்தாழ 10 விநாடி கழித்து நம் முகவரிக்கு அழைப்பு வரும், நாம் போய்ப் பைலை எடுத்துவரவேண்டும், அடுத்த முறை திறக்க ஆவணத்துக்குப் புதிய சாவி (அந்தப் பிரதியை அடையாளம் காட்டும் குறி) கொடுக்கவேண்டும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சேர்மார் எல்லோரும் கேட்பார்கள். கொலாபோராவில் திறந்த ஆவணம் சேர்வரின் நினைவகத்தில் இருக்கிறது, தட்டாமல் சும்மா விட்டால் 30 விநாடியில் தானே சேமிக்கும், வீட்டில் கணினி அணைந்தாலும் சேர்வருக்குப் போய்ச் சேர்ந்தது அங்கே இருக்கும்.

கொலாபோராவின் கோட் என்ற இலவசப் பதிப்பு முயன்று பார்க்கவும் வீட்டுப் பாவனைக்கும்தான் என்று அவர்களே சொல்கிறார்கள், நிறுவனத்துக்குக் கொடுப்பதென்றால் கட்டணப் பதிப்பின் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கொலாபோராவுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை வெப் சேர்வரை வைப்பவர்கள், வெப்சொக்கெட் (பிரவுசருக்கும் சேர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) தலைப்புகளைக் கடத்திவிட வேண்டும். அது விடுபட்டால் ஐபிரேம் திறக்கும், ஆவணம் ஏறாது.