அம்மாவின் கொடியடுப்புக்கு மாற்று: நான்கு வருடம் எரித்துப் பார்த்த அனுபவம்

சாத்தூர் பக்கம் எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. காபி, தோசை எல்லாம் அதில்தான். ஆனால் உலை வைப்பதும் குளிக்க வெந்நீர் போடுவதும் பின்கட்டில், விறகில். சுற்றிலும் சீமைக்கருவேலம் நிற்கிற ஊரில் விறகுக்குத் தனியாகச் செலவு கிடையாது. முப்பது வருடம் அந்தப் புகைக்கு முன்னால் உட்கார்ந்ததில் அம்மாவுக்கு மழைக்காலம் முழுக்க இருமல். பழைய கொடியடுப்பின் (பக்கத்தில் இன்னொரு சின்ன அடுப்பு ஒட்டிய மண் அடுப்பு) வாய் இடிந்தபோது, இன்னொரு முறை அதே அடுப்பைப் போடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

முதலில் வாங்கியது சின்ன விசிறி வைத்த இரும்பு அடுப்பு. இந்தியத் தர நிர்ணயப்படி, தூக்கி வைக்கிற சாதாரண விறகு அடுப்புக்கு வெப்பத் திறன், அதாவது விறகின் சூட்டில் பானைக்குப் போய்ச் சேரும் பங்கு, 25 சதவீதமாவது இருக்க வேண்டும். விசிறி அடுப்புக்கு 35. பழைய மண் அடுப்பு 10 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வாங்கினேன். நன்றாக எரிந்தது, புகையே தெரியவில்லை. ஆனால் விறகை விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். காய்ந்த கருவேலத்தை அப்படி நறுக்க அம்மாவால் முடியுமா? நடுவில் விறகு போட வேண்டுமானால் பானையை இறக்க வேண்டும். இரண்டாம் வருடம் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. இப்போது பரணில் கிடக்கிறது.

அடுத்து, அக்கா வீட்டிலிருந்து ராக்கெட் அடுப்பு ஒன்றை இரவல் வாங்கி இரண்டு மாதம் பார்த்தோம். புகை என்பது எரியாமல் தப்பிய விறகுதானே. உள்ளறையின் சூட்டில் அதுவும் எரிந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். நான்கு பேருக்குச் சமைக்க அருமையான அடுப்பு. எங்கள் உலைப்பானைக்குத்தான் தாங்கவில்லை. "கஞ்சி வடிக்க இறக்கினா அடுப்பும் கூட வருது" என்றார் அம்மா. கொதிக்கிற பானையோடு விளையாட முடியாது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் பழைய இடத்திலேயே புகைபோக்கி வைத்த நிலையான அடுப்பு கட்டினோம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1980களில் உருவான 'அஸ்ட்ரா ஒலெ' என்ற விறகு அடுப்பு பற்றிப் படித்திருந்தேன். அடியில் காற்று நுழையக் கம்பித் தட்டு, பானைகளுக்குக் கீழே ஓடி வெளியேறும் புகைவழி. அந்த அடிப்படையில் இரண்டு பானைக்கு ஒன்று. மண் அடுப்பு போடுகிற பாட்டி முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "குமிழ் இல்லாம ஒரு அடுப்பா தாயி?" என்று கேட்டார். குமிழ் என்பது பானையைத் தாங்க அடுப்பு வாயில் வைக்கிற மண் முட்டு. அதை வைத்தால் பானைக்கும் அடுப்புக்கும் இடையில் விழும் சந்து வழியாகப் புகை வீட்டுக்குள்தான் வரும். பானை வாயில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் புகைபோக்கி இழுக்கும். உலைப்பானையையே வைத்து அளவெடுத்து அவர் வாய் வைத்தார். சின்னப் பாத்திரத்துக்குப் பட்டறையில் இரும்பு வளையம் அடித்து வாங்கினேன். இது முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

குழாய் 4 அங்குல சிமெண்ட் குழாய், ஓட்டு முகட்டுக்கு மேல் 2 அடி. ஆரம்பத்தில் இழுப்பு அதிகமாகி, பானைக்குக் கிடைக்க வேண்டிய சூடு குழாயில் போனது. குழாயின் அடியில் ஒரு தகரத் தட்டு செருகி, தீ பிடித்ததும் பாதி மூடிவிடுகிறோம். அதன் பிறகு ஒரு வாரம் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பழைய அடுப்பில் ஒரு வேளை உலைக்கும் வெந்நீருக்கும் 5 கிலோ போன இடத்தில் 3 கிலோவுக்குச் சற்று மேல் ஆனது.

பராமரிப்பைச் சொல்லியே ஆக வேண்டும். அடுப்பு போட்ட அந்தப் பாட்டி வீட்டில் முன்பு இருந்த 'புகையில்லா அடுப்பு' வீணானதே குழாயில் கரி அடைத்ததால்தான். யாரும் அதைத் தொடவில்லை. அதனால் குழாயின் அடியில் ஒரு திறப்பு வைத்தோம். மாதம் ஒரு முறை கயிற்றில் தேங்காய் நார் கட்டி மேலிருந்து இழுத்தால் ஒரு முறம் கரி விழும். ஈர விறகு எரித்தால் கரியோடு தாரும் படிந்து, சுரண்டினாலும் வராது. ஐப்பசிக்கு முன்பே விறகைச் சாய்ப்பில் அடுக்கிவிடுங்கள். எட்டாவது மாதம் அடுப்பு வாயில் விரிசல் விட்டது. மண்ணும் சாணமும் குழைத்துப் பூசியதில் சரியானது. கூரையில் குழாய் வெளியேறும் இடத்தைச் சுற்றி மழைநீர் ஒழுகுவது மட்டும் இன்னும் முழுசாக நிற்கவில்லை.

குழாய் குளிர்ந்திருக்கும் காலையில் முதல் ஐந்து நிமிடம் புகை திரும்பும். அதற்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். விறகைப் பற்ற வைக்கும் முன் காய்ந்த தென்னோலை ஒரு கைப்பிடி எடுத்து, கீழே கரி எடுக்கிற திறப்பில் கொளுத்திவிட வேண்டும். குழாய் சூடேறி இழுக்க ஆரம்பித்த பிறகு அடுப்பு மூட்டினால் கண் எரியாது.